‘கேபின் கேரண்டி சார்’ என்றார், நம்பினேன்: 1,83,500 ரூபாய் போச்சு

எங்கள் குடும்பத்துக்குக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்த டிராவல்ஸ்காரர் இன்று மதியம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 1,83,500 ரூபாய்.

கடையின் பெயரை எழுதவில்லை. வக்கீல் நண்பர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஊர் திருச்சி. மாடியில், ஏசி போட்டு, சுவரில் ஈபிள் டவரும் மெர்லயனும் ஒட்டி வைத்திருக்கிற ஆபீஸ். அப்படி இங்கே இருபது இருக்கும். எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் கைகாட்டிவிட்டார். (அவருக்கு இதில் கமிஷன் உண்டா என்று இப்போது சந்தேகம். லிஃப்டில் என்னைப் பார்த்தால் போனை நோண்ட ஆரம்பித்துவிடுகிறார்.)

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் 70 முடிந்தது. பீமரத சாந்தி செய்யலாம் என்று பேச்சு எடுத்தபோது, "ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுறதுக்கு, அந்தக் காசுல என்னையும் அம்மாவையும் ஒரு தடவை கப்பல்ல கூட்டிட்டுப் போடா" என்றார். வாழ்க்கையில் அவர் என்னிடம் கேட்ட ஒரே பொருள் இதுதான். சரி என்று நான், மனைவி, 11 வயது மகன், 7 வயது மகள், அப்பா, அம்மா என்று ஆறு பேராகக் கிளம்பத் தீர்மானித்தோம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய், மறுபடி சிங்கப்பூர். 4 இரவு. 2025 டிசம்பர் அரையாண்டு விடுமுறை.

செப்டம்பரில் அந்த ஆபீசுக்குப் போனோம். நான் கேட்டது இரண்டே விஷயம். இரண்டு பால்கனி அறைகள் வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் கதவு திறந்துகொள்கிற மாதிரி இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி. தூரம் நடக்க முடியாது. ஜன்னல் இல்லாத அறையில் மூச்சு முட்டுகிறது என்பார்.

அந்த ஆள் நன்றாகப் பேசினார். அதை மறுக்க முடியாது. கப்பலின் மாடி வரைபடத்தை, தளம் தளமாக அறை எண் போட்ட வண்ணப் படம், பிரிண்ட் எடுத்து மேசையில் விரித்தார். கப்பல் ஆடினால் முன்பக்கமும் பின்பக்கமும்தான் அதிகம் தெரியும், நடுப்பக்கம் எடுத்துக்கொள்வோம் என்றார். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கும், தியேட்டருக்கு மேலே எடுத்தால் ராத்திரி பாட்டு கேட்கும், மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கிற தளமாகப் பார்ப்போம் என்றார். இதெல்லாம் உண்மை. இன்றும் யாராவது கேட்டால் நானும் இதையேதான் சொல்வேன். அதுதான் எரிச்சல். தெரியாமல் செய்த ஆள் இல்லை.

பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து 8வது தளத்தில் இரண்டு அறைகளை வட்டமிட்டு, அந்தத் தாளை என்னிடம் தராமல் அப்பாவிடம் நீட்டினார். "அய்யா, இதுதான் உங்க ரூம். காலையில கதவைத் திறந்தா கடல். கேபின் கேரண்டி சார்" என்றார், கடைசி வரியை என் பக்கம் திரும்பி. அப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அங்கேயே நான் விழுந்துவிட்டேன். அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு எந்த மகன் இன்னொரு கடையில் விலை விசாரிப்பான்?

கப்பல் பயணம் மட்டும் 4,60,000. அதில் டிப்ஸ், வைஃபை என்று சொல்லி 48,500 அடக்கம். அதற்கு மேல் டி.சி.எஸ்., அதாவது வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே பிடிக்கிற வரி, 5 சதவீதம், 23,000. மொத்தம் 4,83,000. விமான டிக்கெட்டை நல்லவேளை நானே எடுத்தேன். கம்பெனிக் கணக்கில் ஏதோ சிக்கல் என்று ஒரு தனிநபர் பெயருக்கு ஜிபே செய்யச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும் என்பதால் ஐந்து நாளாக அனுப்பினேன். யோசித்துப் பாருங்கள், சுதாரிக்க எனக்கு ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாளும் அனுப்பிவிட்டு "ரிசீவ்ட் சார்" என்ற பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் புக்கிங் எண் கேட்டேன். "சிஸ்டத்துல இருக்கு சார், 15 நாள் முன்னாடிதான் ரிலீஸ் ஆகும்." நவம்பரில் கேட்டேன். "டிக்கெட்டோட சேர்ந்து வரும் சார்." அவர் கொடுத்த வவுச்சரில் பெயர், தேதி, கப்பல் படம் எல்லாம் இருந்தது. கப்பல் நிறுவனத்தின் புக்கிங் எண் மட்டும் இல்லை. அது கைக்கு வந்தது நாங்கள் சிங்கப்பூரில் இறங்கிய பிறகு, கப்பல் ஏறுவதற்கு முந்தைய இரவு 11 மணிக்கு.

அந்த எண்ணுக்கு என்ன அவ்வளவு மரியாதை என்று கேட்பீர்கள். எல்லாமே அதில்தான் இருக்கிறது. அது இருந்தால் கப்பலின் செயலியில் நாமே உள்ளே போய் எந்த வகை அறை, எந்த எண் என்று பார்க்கலாம். செக்-இன் செய்து ஏறும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பனிச்சறுக்கு நடனம், நாடகம் மாதிரியான நிகழ்ச்சிகளுக்குக் காசு கிடையாது, ஆனால் இருக்கை முன்பதிவு உண்டு. அதையும் வீட்டில் உட்கார்ந்தே போட்டுவிடலாம். எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. மெரினா பே கப்பல் முனையத்தில் வரிசையில் இரண்டரை மணி நேரம். அம்மா பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

கப்பல் அட்டை கைக்கு வந்தது. எண்ணைப் பார்த்தேன். அப்பா பையில் இருந்த தாளோடு பொருந்தவில்லை. ஏதோ மாற்றியிருப்பார்கள், அதே மாதிரி அறைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டே கூட்டத்தோடு நடந்தேன். அப்பாவைக் காணோம். அவர் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, நேராக 8வது தளத்துக்குப் போய், அந்தச் சிவப்பு வட்டம் போட்ட அறைக் கதவைத் தட்டியிருக்கிறார். ஒரு சீனத் தம்பதி திறந்திருக்கிறார்கள். அப்பா தாளை நீட்டி "திஸ் மை ரூம்" என்றிருக்கிறார். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் பொறுமையாகத் தன் அட்டையை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் பால்கனிக் கதவு திறந்திருந்தது. கடல் தெரிந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் "ஸாரி" சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

எங்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? எங்கள் நால்வருக்கு உள் அறை: ஜன்னலே கிடையாது, இரண்டு பேர் ஏணி வைத்து மேல் படுக்கைக்கு ஏற வேண்டும், அதுவும் கப்பலின் முன்கோடியில். அப்பா அம்மாவுக்கு ஜன்னல் உண்டு, ஆனால் ஜன்னலை மறைத்துக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் ஓர் உயிர்காப்புப் படகு தொங்கியது. அது வேறு தளம், பின்பக்கம். இரண்டு அறைக்கும் நடுவில் லிஃப்டையும் சேர்த்து நல்ல நடை. முட்டி வலிக்காரர் அந்தத் தூரத்தைப் பேரப்பிள்ளைகளுக்காக ஒரு நாளைக்கு நாலு தடவை நடந்தார். அப்பா மட்டும், "பரவாயில்லடா, படகு பக்கத்துலயே இருக்கு, முங்கினா நாங்கதான் முதல்ல ஏறுவோம்" என்றார். எங்களைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

வாடிக்கையாளர் சேவை மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு விளக்கினார். எங்கள் பெயரில் பதிவானதே ஓர் உள் அறையும், பார்வை மறைக்கப்பட்ட ஒரு ஜன்னல் அறையும்தான். இரண்டும் ‘கேரண்டி’ வகை. கப்பல் பாஷையில் கேரண்டி என்றால் நாம் நினைக்கிறது இல்லை. அந்த வகையில் ஓர் அறை உண்டு என்பதுதான் உத்தரவாதம். எந்தத் தளம், முன்னா பின்னா, பக்கத்துப் பக்கத்திலா, எல்லாம் அவர்கள் இஷ்டம். நாம் தேர்வு செய்ய முடியாது, அதனால் விலை குறைவு. எங்கே படுத்தாலும் தூங்கிவிடுகிற தனி ஆளுக்கு நல்ல ஏற்பாடு. முதியவர்களோடு போகிறவர்களுக்கு ஆகாது. மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். கப்பல் நிரம்பிவிட்டது என்றார். டிப்ஸ், வைஃபை இரண்டுமே கட்டப்படவில்லை என்பதும் அப்போதே தெரிந்தது. டிப்ஸ் நாள் ஒன்றுக்கு ஆளுக்கு 18 அமெரிக்க டாலருக்கு மேல், குழந்தைகளையும் சேர்த்து ஆறு பேருக்கு. மறுபடி என் கார்டில் ஏறியது.

கப்பல் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சாப்பாடு நன்றாக இருந்தது. பஃபேயில் பருப்பும் சோறும் தயிரும் தினமும் கிடைத்தன. மகன் பாறை ஏறும் சுவரில் உச்சி மணியை அடித்துவிட்டு வந்தான். அலைச்சறுக்குக்கு உயர அளவு உண்டு. மகளை அளவுகோல் பக்கத்தில் நிறுத்தி, இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். "எல்லா ரைடும் பாப்பாவுக்கு ஃப்ரீ" என்று சொன்னவர் அதைச் சொல்லவில்லை. பனிச்சறுக்கு நடனத்துக்கு இடமில்லை. முன்பதிவு செய்தவர்கள் வராவிட்டால் கடைசி நேரத்தில் உள்ளே விடுவார்கள் என்று தனி வரிசையில் நின்று, ஆறு பேரில் மூன்று பேர்தான் போக முடிந்தது. பினாங்கில் கப்பல் ஊருக்குள்ளேயே நிற்கிறது. குயின் தெருவில் 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில் வரை போய்வந்தோம். அந்த ஒரு காலைப்பொழுது நன்றாக இருந்தது. புக்கெட்டில் கப்பல் கடலிலேயே நின்று, சிறு படகில் கரைக்கு அனுப்புகிறார்கள். அம்மாவால் அந்தப் படகில் ஏற முடியவில்லை. அதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

உள் அறையில் விடிந்தது தெரியாது. டிவியில் கப்பலின் முன்பக்கத்துக் கேமரா காட்டும் சேனல் ஒன்று இருக்கிறது. அதை இரவெல்லாம் ஓடவிட்டுப் படுத்தோம். 4,83,000 கொடுத்து டிவியில் கடல் பார்த்த குடும்பம் எங்களுடையது.

இனி அந்த ஆள் சொன்ன பதில்களைக் கேளுங்கள். கப்பலில் இருந்து காசு கட்டி வைஃபை வாங்கி மெசேஜ் போட்டபோது: "டென்ஷன் ஆகாதீங்க சார், இன்னைக்கு நைட் அப்கிரேட் ஆயிடும்." மறுநாள்: "சிங்கப்பூர் ஆபீஸ்ல லீவு சார்." ஊர் வந்து நேரில் போனபோது: "ஓனர் துபாய் போயிருக்கார். டீ சாப்பிடுறீங்களா?" அடுத்த வாரம்: "பொங்கல் முடியட்டும் சார்." பொங்கலும் முடிந்தது. போனேன். அப்போது சொன்னது இது: "நான் பால்கனின்னு எங்க சார் எழுதியிருக்கேன்? கேபின் கேரண்டின்னுதான் வாட்ஸ்ஆப்ல போட்டிருக்கேன். அது கப்பல்ல யூஸ் பண்ற வார்த்தை. நீங்க படிச்சவர், தெரிஞ்சிருக்கணும்." தேடிப் பார்த்தேன். பால்கனி என்பதை வாயால் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். எழுத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. கடைசியாக, அடுத்த பயணத்தில் 10,000 தள்ளுபடி தருகிறேன் என்றார். அடுத்த பயணமாம்!

1,83,500 என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், செப்டம்பரில் நான் வேடிக்கையாகக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் விலை பார்த்து எடுத்த ஸ்கிரீன்ஷாட் போனில் இருந்தது. பால்கனிக்கும் எங்களுக்குக் கிடைத்ததற்கும் வித்தியாசம் 1,12,000. டிப்ஸ், வைஃபை 48,500. டி.சி.எஸ். 23,000. டி.சி.எஸ். நியாயமாக என் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டு, வருமான வரித் தாக்கலில் எனக்கே திரும்ப வர வேண்டிய பணம். என் பெயரில் கட்டப்பட்ட வரியெல்லாம் தெரிகிற 26ஏஎஸ் படிவத்தைப் பார்க்கும்படி ஆடிட்டரிடம் சொன்னேன். செப்டம்பரில் கொடுத்தது ஜனவரி வரை அதில் இல்லை. அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி வாங்கியதையும் பையில் போட்டுக்கொண்டார். கூட்டிப் பாருங்கள், 1,83,500.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பணம் கொடுத்த அன்றே கப்பல் நிறுவனத்தின் புக்கிங் எண்ணை வாங்கி, அவர்கள் செயலியில் நீங்களே போட்டுப் பாருங்கள். எண் தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அறை வகை, அறை எண் இரண்டும் எழுத்தில் வேண்டும். தனிநபர் பெயருக்குப் பணம் அனுப்பாதீர்கள், அதுவும் தவணை தவணையாக. கேரண்டி என்று யாராவது சொன்னால் எதற்குக் கேரண்டி என்று கேளுங்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சத்துக்குள் கொடுத்த தொகை என்பதால் கட்டணம் கிடையாது என்று வக்கீல் சொன்னார். ஆதாரம் எல்லாம் எடுத்து வையுங்கள் என்றார். ஜிபே ரசீதுகள், வவுச்சர், வாட்ஸ்ஆப் பேச்சு எல்லாம் அச்செடுத்தேன். சிவப்பு வட்டம் போட்ட தாளும் வேண்டும் என்றார். அப்பாவிடம் கேட்டேன். இன்னும் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்.