காசிமேட்டை வரைய எது தோது: நிப்பா, பிரஷ்ஷா, ஃபைன்லைனரா, டேப்லெட்டா?

காமிக்ஸில் பென்சில் வேலை வரைக்கும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகிறோம். இங்கிங்கில்தான் வழி பிரிகிறது. அச்சுக்குப் போவது பென்சில் கோடு இல்லை, அதன் மேல் ஏறுகிற கறுப்பு மை. அந்தக் கறுப்பை எதைக் கொண்டு போடுகிறோமோ, படத்தின் குணமும் அதன்படிதான் அமையும்.

பொதுவாகப் பேசினால் எல்லாக் கருவியும் நல்லதுதான் என்று முடிந்துவிடும். அதனால் காமிக்ஸ் பக்கத்தின் ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். விடிவதற்கு முந்தைய காசிமேடு மீன்பிடித் துறைமுகம். மேலே விளக்கு, கீழே ஈரத் தரை, நடுவில் மீன் ஏலம் கேட்கிற கூட்டம், ஓரத்தில் குவித்த வலை, பின்னால் நெருக்கியடித்து நிற்கிற விசைப்படகுகள். வட சென்னையை வரைய நினைக்கிற யாரும் என்றைக்காவது இந்தக் கட்டத்துக்கு வந்துதான் ஆக வேண்டும்.

முதலில் ஃபைன்லைனர், அதாவது மெல்லிய முனை கொண்ட மைப் பேனா. பையில் போட்டுக்கொண்டு ராயபுரம் ரயில் நிலைய வாசலில் நின்றபடியே வரையலாம். மைக்ரான் என்ற பிராண்டு பேனாவில் 01 என்றால் 0.25 மி.மீ., 05 என்றால் 0.45 மி.மீ. மை காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது. ஆனால் கோடு முழுக்க ஒரே கனம். துறைமுகக் கிரேன், கண்டெய்னர், பெரம்பூர் ரயில் பெட்டி என்றால் அது பொருந்தும். டின்டினை வரைந்த எர்ஜே வளர்த்த பாணியே ஏறக்குறைய ஒரே கனமான தெளிவான கோடுதான். நம் கட்டத்தில் அது உதவவில்லை. முன்னால் நிற்கிற ஆளும் பின்னால் நிற்கிற படகும் ஒரே தூரத்தில் இருப்பதுபோல் ஒட்டிக்கொள்கின்றன. இரவு வானத்தை நிரப்பப் போனால் பேனாவே தீர்ந்துவிடும்.

நிப் அப்படியில்லை. மை தொட்டு எழுதுகிற இந்த நிப்பை அழுத்தினால் நடுப்பிளவு விரிந்து கோடு தடிக்கும், கையைத் தளர்த்தினால் முடி மாதிரி மெலியும். ஜப்பானிய மாங்கா கலைஞர்கள் விரும்பும் ஜி-பென், அமெரிக்கக் கலைஞர்கள் பயன்படுத்திய ஹண்ட் 102 எல்லாம் இந்த வகைதான். குவித்த வலைக்கு இதற்கு இணை கிடையாது. மேலே கிடக்கிற கண்ணிகளுக்குக் கொஞ்சம் அழுத்தம், உள்ளே போகப் போக மெலிவு. வலை தட்டையாகக் கிடக்காமல் குவியலாக எழுந்து நிற்கும்.

நிப்புக்குச் சில பழக்கங்கள் தேவை. புது நிப்பில் துரு பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும். சோப்புத் தண்ணீரில் அதைக் கழுவாவிட்டால் மை நிப்பில் பரவாமல் திரண்டு நிற்கும். மேல்நோக்கித் தள்ளினால் நிப் தாளில் குத்தி மை தெறிக்கும், அதனால் கையைத் திருப்பாமல் தாளைத் திருப்ப வேண்டும். சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் தாளின் நார் நிப்பில் சிக்கிக்கொள்ளும். வழவழப்பான ஐவரி அட்டை நல்லது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பெரிய தாளாக வாங்கி வெட்டிக்கொள்ளலாம். கடலோரம் என்பதால் திறந்து வைத்த தாள் ஈரம் வாங்கிவிடும், அதில் மெல்லிய கோடு கசிந்து பரவும். தாளை எப்போதும் பாலிதீன் உறைக்குள் வையுங்கள்.

நிப்பின் குறை, இருட்டு. கோட்டின் மேல் கோடு போட்டு இரவைக் கொண்டுவர நேரம் எக்கச்சக்கமாகப் பிடிக்கும்.

இங்கேதான் பிரஷ் முந்துகிறது. என் ஓட்டும் இதற்குத்தான். பிரஷ் கையில் இருந்தால் கோட்டுக்கு முன்னால் இருட்டைத்தான் யோசிப்போம். வானம், படகுகளின் அடிப்பகுதி, கூட்டத்தின் முதுகு ஆகியவற்றை முதலில் முழுக் கறுப்பாக நிரப்பிவிடுங்கள். விளக்கு வெளிச்சம் விழுகிற தோள், தலை, ஐஸ் பெட்டியின் விளிம்பை மட்டும் வெள்ளையாக விடுங்கள். அப்புறம் பிரஷ்ஷில் இருக்கிற மையை வேறொரு தாளில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட காய்ந்த முடியால் தரையின் மேல் கிடைமட்டமாக இழுங்கள். முடி பிரிந்து பிரிந்து கறுப்பு விழும். இடையில் தப்பிக்கிற வெள்ளைதான் ஈரத் தரையின் பளபளப்பு. லுங்கி மடிப்பும் அப்படித்தான், மேலிருந்து கீழே ஒரே இழுப்பு.

அமெரிக்கக் காமிக்ஸ் கலைஞர் மில்டன் கேனிஃப் 1930-களிலேயே இப்படிக் கறுப்பைத் திட்டுத் திட்டாக வைத்துத்தான் ஆட்களுக்கு கனம் கொடுத்தார். நமக்குக் கேப்டன் டைகராக அறிமுகமான தொடரை வரைந்த பிரெஞ்சுக் கலைஞர் ழான் ஜிரோ இன்னும் நல்ல சாட்சி. புழுதி பறக்கும் அந்த கௌபாய் கதைக்குப் பிரஷ் எடுத்தவர், மோபியஸ் என்ற பெயரில் விஞ்ஞானக் கதை வரையும்போது பேனாவுக்கு மாறினார். அதே கைதான், ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறு வேறு ஆட்கள் வரைந்ததுபோல் இருக்கும்.

வியாசர்பாடி சுவர்களில் கட்சி விளம்பரம் எழுதுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். விரலை அசைக்காமல் தோளிலிருந்து கையை இழுப்பார்கள். பிரஷ் இங்கிங்குக்கும் அந்த இழுப்புதான் தேவை. கோலின்ஸ்கி என்ற விலங்கின் முடியில் செய்த வின்சர் அண்டு நியூட்டன் சீரிஸ் 7 பெயர்பெற்றது, 1866-ல் விக்டோரியா மகாராணிக்காக உருவானது. விலை அதிகம். பழகுவதற்கு 2-ஆம் எண் செயற்கை முடி ரவுண்ட் பிரஷ்ஷும் கேம்லின் வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க்கும் தாராளமாகப் போதும். முடியைப் பிடித்திருக்கும் உலோகக் குப்பி வரை மை ஏற விடாதீர்கள், உள்ளே காய்ந்தால் முனை விரிந்துவிடும்.

டேப்லெட்டில் இவை எல்லாமே உண்டு. புரோகிரியேட், கிளிப் ஸ்டுடியோ என்ற வரையும் செயலிகள் இரண்டிலும் அழுத்தத்துக்கு ஏற்ப கோடு தடிக்கும், நடுங்கும் கோட்டை மென்பொருளே சீராக்கும், தப்பினால் பின்னால் போகலாம். வாரா வாரம் பக்கம் கொடுக்க வேண்டியவருக்கு இதை விட்டால் வழியில்லை. சிக்கல் பெரிதாக்கிப் பார்ப்பதில் இருக்கிறது. திரையில் வலையின் ஒவ்வொரு முடிச்சையும் வரைவோம், அச்சில் அது கறை மாதிரி அடைத்துக்கொள்ளும். கறுப்பு வெள்ளைப் பக்கத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) அமைத்துவிட்டு, அடிக்கடி அச்சு அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அதைவிட முக்கியம், பிரஷ்ஷில் கறுப்பை வைக்கப் பழகியவர் டேப்லெட்டுக்குப் போனால் அங்கேயும் துணிந்து வைப்பார். நேராக டேப்லெட்டில் தொடங்கிய பலர் சாம்பல் நிறத்தைத் தடவி இருட்டைச் சமாளிக்கிறார்கள்.

எழுத்துக்கு மட்டும் பிரஷ் வேண்டாம். ண, ஞ, ழ போன்றவற்றின் சுழி சின்ன அளவில் மையால் அடைந்துவிடும். பலூன் வசனத்துக்கு 05 ஃபைன்லைனரே சரி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் பென்சில் வேலையின்போதே வசனத்தை எழுதிப் பார்த்துவிட்டு, அதைச் சுற்றி பலூன் போடுங்கள். ‘டமால்’, ‘சர்ர்ர்’ மாதிரி ஒலிகளுக்குத் திரும்பவும் பிரஷ்ஷை எடுக்கலாம்.