பேக்கப்புக்குத் தனி போர்ட்டா, இரண்டையும் சேர்த்துக் கட்டுவதா?

சர்வரின் பின்பக்கம் இரண்டு நெட்வொர்க் போர்ட் இருக்கும், நாஸ் பெட்டியிலும் (நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) இரண்டு. சின்ன அலுவலகங்களில் அதில் ஒன்று பெரும்பாலும் தூசி படிந்து கிடக்கும். பேக்கப் இழுத்தடிக்கும்போதுதான் அதன் நினைவு வரும்.

நான் முதலில் செய்தது எல்ஏசிபி, அதாவது இரண்டு போர்ட்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டும் முறை. 1 ஜிகாபிட்டும் 1 ஜிகாபிட்டும் 2 என்று கணக்குப் போட்டு, அதற்கென்று மேனேஜ்டு ஸ்விட்சும் (அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய ஸ்விட்ச்) வாங்கினேன். ஓடவிட்டுப் பார்த்தால் நொடிக்கு அதே 112 மெகாபைட்! பாக்கெட்டுகளின் (தரவுத் துண்டுகளின்) வரிசை குலையக் கூடாது என்று எல்ஏசிபி ஒரு இணைப்பை ஒரே கேபிளில்தான் அனுப்பும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கோப்பு எடுக்கும் இடத்தில் அது பயன்படும். ஒரு சர்வர், ஒரு நாஸ், ஒரு பேக்கப் வேலை என்றால் இரண்டாவது கேபிள் வேடிக்கைதான் பார்க்கும்.

தனி போர்ட்டுக்கு ஸ்விட்சே வேண்டாம். சர்வரிலிருந்து நாஸுக்கு நேராக ஒரு கேபிள். இரு கருவிகளை நேராக இணைக்க முன்பு தேவைப்பட்ட கிராஸ் கேபிளைத் தேடவும் வேண்டாம், ஜிகாபிட் போர்ட்டுகள் தாமே சரிசெய்துகொள்ளும். அலுவலகத்தின் ஐபி முகவரிகள் 192.168.1 வரிசையில் இருந்தால் இந்தப் பக்கம் 10.10.10.1, அந்தப் பக்கம் 10.10.10.2. கேட்வே (வெளியே போகும் வழி), டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்குவது) கட்டங்களைக் காலியாக விடுங்கள். இங்கே இன்னொரு கேட்வே போட்டால் சர்வரின் இணையம் தடுமாறும். அப்புறம், பேக்கப் மென்பொருளில் நாஸின் பெயர் இருந்தால் அதை அழித்து 10.10.10.2 என்று போடுங்கள். நான் இதை மறந்து, ஒரு வாரம் பழைய வழியிலேயே பேக்கப் ஓடியது. புது போர்ட்டின் விளக்கு சிமிட்டாமல் இருந்ததைப் பார்த்துத்தான் பிடித்தேன்.

ஜம்போ ஃபிரேமும், அதாவது தரவைப் பெரிய துண்டுகளாக அனுப்புவதும், இங்கே தலைவலி இல்லை. இரண்டே கருவிகள், இரண்டிலும் எம்டியூ (ஒரு துண்டின் அதிகபட்ச பைட் அளவு) 9000. அலுவலகம் முழுக்க அதை வைத்தால் ஏதோ ஒரு பழைய பிரிண்டர் மக்கர் பண்ணும்.

ஆனால் தனி போர்ட்டும் 1 ஜிகாபிட்தான். நெரிசல் இல்லாமல் போகுமே தவிர, வேகத்தின் உச்சம் மாறாது. 1 டெராபைட்டுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். அதை ஒரு மணி நேரமாக்க, அதே கேபிளின் இரு முனையிலும் 2.5 ஜிகாபிட் கார்டு போட வேண்டும். கேட் 5இ கேபிளே போதும். நாஸில் ஒற்றை ஹார்ட் டிஸ்க் இருந்தால் அது முந்திக்கொண்டு மூச்சு வாங்கும். லட்சக்கணக்கான குட்டி பில் கோப்புகள் என்றால் எந்த போர்ட்டும் காப்பாற்றாது. முதலில் அவற்றை ஒரே ஜிப்பாகக் கட்டுங்கள்.