தாய்ப்பால் குழந்தையின் பால் ஒவ்வாமை: ஓர் உணவியல் ஆலோசனைச் சேவை பற்றிய மதிப்புரை

தாய்ப்பால் மட்டுமே குடித்துவந்த எங்கள் குழந்தையின் மலத்தில் சளியும் இரத்தக் கீற்றுகளும் தென்பட்டபோது, பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம் என்று கருதிய குழந்தை மருத்துவர் எங்களை இந்த இணையவழிச் சேவைக்கு அனுப்பினார்.

முதல் அமர்விலேயே ஒரு பெரிய குழப்பம் தீர்ந்தது. தாய்ப்பாலில் உள்ள லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை தாயின் உணவைப் பொறுத்து மாறுவதில்லை. எனவே லாக்டோஸ் நீக்கிய பாலைத் தாய் குடிப்பதால் பயனில்லை, அவர் உண்ணும் பாற்பொருள்களின் புரதமே சிறிதளவு தாய்ப்பால் வழியே குழந்தையை அடைகிறது என்று ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். பல உணவுகளை ஒரே மூச்சில் விலக்கச் சொல்லாமல், பாற்பொருள்களை மட்டும் 2 முதல் 4 வாரங்கள் நிறுத்தி, அறிகுறிகள் தணிந்தபின் மீண்டும் உண்டு பார்த்தே ஒவ்வாமையை உறுதிசெய்ய வேண்டும் என்றார். இந்த மறுசோதனையை வலியுறுத்தியதையே சேவையின் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன். இது இல்லையென்றால் எத்தனையோ தாய்மார்கள் தேவையின்றி மாதக்கணக்கில் உணவைச் சுருக்கிக்கொள்ள நேரும். உணவுப் பொட்டலங்களில் கேசின், வே என்ற பாற்புரதங்களின் பெயர்களைத் தேடவும், தாயின் கால்சியம், வைட்டமின் டி குறையாமல் பார்த்துக்கொள்ளவும் கற்றுத்தந்தார்.

சுமார் 6 மாதத்தில் தொடங்கும் திட உணவுக்கான வழிகாட்டலும் நன்று. புதிய உணவுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கவும், முட்டை, நிலக்கடலை போன்றவற்றை அச்சத்தால் தள்ளிப்போடாதிருக்கவும் அறிவுறுத்தினார்.

குறை ஒன்று உண்டு. முகவீக்கமோ மூச்சுத்திணறலோ ஏற்பட்ட குழந்தைக்கு வீட்டில் மறுசோதனை கூடாது என்ற எச்சரிக்கை, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. அது முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.