இண்டர்ரெயில் பாஸ் எடுத்துத் தருகிறேன் என்று சொன்னவரிடம் 386 யூரோ கொடுத்து ஏமாந்தேன்

இதை ஃபிளென்ஸ்பர்க்கிலிருந்து ஹாம்பர்க் திரும்பும் ரயிலில் உட்கார்ந்து அடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோபம் இன்னும் அடங்கவில்லை. போட்ட திட்டப்படி இன்றைக்கு நான் ஸ்டாக்ஹோமில் நார்விக் போகும் இரவு ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரே பாஸில் ஐரோப்பிய நாடுகளை ரயிலில் சுற்ற உதவும் இண்டர்ரெயில் பாஸுக்காகப் போனது 386 யூரோ. நம் ஊர்க் கணக்கில் நாற்பதாயிரத்தைத் தொடும். ஜெர்மனியில் படித்துக்கொண்டு இந்த மாதிரி தனியாக ஊர் சுற்றக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

பிரெமனில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன், வயது 24. சனி ஞாயிறுகளில் ஒரு கிடங்கில் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை. மணிக்கு 12.82 யூரோ, 2025-இல் இங்கே சட்டப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 386 யூரோ என்றால் முப்பது மணி நேரம் நின்றுகொண்டே டேப் ஒட்டியிருக்கிறேன்.

ஒரு மாதத்துக்குள் ஏழு நாள் ரயில் ஏறலாம் என்ற பாஸ்தான் வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். 27 வயது வரை இளையோர் விலை கிடைக்கும். ஹாம்பர்க், கோபன்ஹேகன், பாலம் தாண்டி மால்மோ, ஸ்டாக்ஹோம், அங்கிருந்து ராத்திரி வண்டியில் நார்விக். நார்வே வரைபடத்தைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்: நார்விக் நார்வேயில்தான் இருக்கிறது, ஆனால் நார்வேயின் மற்ற ஊர்களோடு அதற்குத் தண்டவாளமே கிடையாது. ஸ்வீடன் வழியாகத்தான் ரயிலில் போக முடியும். அங்கிருந்து பஸ்ஸில் போடோ, மறுபடி ரயிலில் டிரோன்ஹெய்ம், ஆஸ்லோ, கடைசியாக பெர்கன். ஆஸ்லோவிலிருந்து பெர்கன் போகும் வழியில் 1222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே இறங்கி ஒரு டீ குடிக்க வேண்டும் என்று நோட்டில் எழுதியே வைத்திருந்தேன்.

இவ்வளவும் தெரிந்தவள் ஏன் தன் கையாலேயே பாஸ் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். காரணம் என் பெயர். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பாஸோ பெயர் போட்டு வாங்குவது, அடுத்தவருக்கு மாற்ற முடியாது. கடைசிப் பெயர் கேட்கும் இடத்தில் என்ன போடுவது, தப்பாகப் போட்டால் ரயிலில் இறக்கிவிடுவார்களோ என்று பயந்துபோய் மாணவர்களுக்கான ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். பத்தே நிமிடத்தில் தனியாக ஒரு மெசேஜ் வந்தது. குரூப்பில் அடிக்கடி டிக்கெட் விளம்பரம் போடும் ஆள்.

"நம்ம ஊர் பாஸ்போர்ட்டா தங்கச்சி? சர்நேம் இருக்காதே! கவலப்படாத, அத நான் பாத்துக்கறேன்."

விழுந்தேன். இங்கே வந்ததிலிருந்து வங்கியில், பல்கலைக்கழகத்தில், வீட்டு ஒப்பந்தத்தில் என்று ஒவ்வொரு இடத்திலும் விளக்கிச் சலித்த விஷயத்தை, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒருவர் புரிந்துகொண்டார். அதுவும் 'தங்கச்சி' என்று கூப்பிட்டு.

இதில் வயிறு எரிவது எங்கே தெரியுமா? அவர் சொன்னது ஒன்றுகூடப் பொய்யில்லை. நீ ஜெர்மனியில் குடியிருப்பு அனுமதியோடு இருப்பதால், ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கான யூரெயில் பாஸ் வாங்கக் கூடாது, இண்டர்ரெயில்தான் என்றார். உண்மை. ஜெர்மனிக்குள் வெளியே போக ஒரு தடவை, திரும்பி வர ஒரு தடவைதான் அந்தப் பாஸ் செல்லும் என்றார். உண்மை. இரவு ரயிலில் நள்ளிரவு தாண்டினாலும் ஏறிய நாள் ஒன்றுதான் கணக்கு, வேகவண்டிகளுக்கு சீட் ரிசர்வேஷன் தனிக்காசு, நார்வேயின் ஃபிளாம் மலை ரயிலுக்குத் தள்ளுபடி மட்டும்தான் என்று எல்லாம் விரல்நுனியில். ஹாம்பர்க்கிலிருந்து கோபன்ஹேகன் போகும் ரயில் ஒரு காலத்தில் கப்பலுக்குள்ளேயே ஏறிக் கடலைத் தாண்டும், 2019 டிசம்பரோடு அதை நிறுத்திவிட்டார்கள், இப்போது ஃபிளென்ஸ்பர்க் வழியாகச் சுற்றிப் போகிறது என்று கதை மாதிரி சொன்னார். இத்தனை தெரிந்தவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

பாஸ், மூன்று ரிசர்வேஷன், நார்விக் வண்டியில் படுக்கை, அவருடைய சர்வீஸ் சார்ஜ் 25, ஆக மொத்தம் 386 யூரோ. "நண்பருக்கு அனுப்பற மாதிரி அனுப்பு, இல்லேன்னா கமிஷன் புடிச்சுக்குவான்" என்றார். அப்படியே அனுப்பினேன். அன்று மாலையே பாஸ் எண் வந்தது. இண்டர்ரெயில் செயலியில் எண்ணைப் போட்டதும் என் பெயரோடு பாஸ் வந்து உட்கார்ந்தது. அதைப் படம் பிடித்து அம்மாவுக்கு வேறு அனுப்பினேன். "பத்திரமா போய்ட்டு வா, அந்தத் தம்பிக்கு ஒரு நன்றி சொல்லு" என்றாள் அம்மா. சொன்னேன். நன்றி கூடச் சொன்னேன்.

அப்போது அவர் சொன்ன கடைசி அறிவுரை: "இப்ப ஆக்டிவேட் பண்ணாத தங்கச்சி. கிளம்பற அன்னிக்குக் காலைல பண்ணா போதும். முன்னாடியே பண்ணிட்டா, ஏதாவது ஆச்சுன்னா பணம் திரும்பாது."

இதுவும் உண்மைதான். ஆக்டிவேட் செய்யாத பாஸை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். யார் பெறலாம்? வாங்கியவர் பெறலாம். வாங்கியது நானா?

போன வெள்ளிக்கிழமை காலை ஹாம்பர்க் பிளாட்பாரம். முதுகில் பை, கையில் புளியோதரை டப்பா. ரயில் வர இருபது நிமிடம் இருக்கும்போது செயலியைத் திறந்தால் பாஸ் செல்லாது என்கிறது. மூடித் திறந்தேன். மறுபடி எண்ணைப் போட்டேன். அவருக்கு போன் போட்டேன். எடுத்தார். "சர்வர் பிரச்சினையா இருக்கும். பிடிஎஃப் இருக்குல்ல, அதக் காட்டி ஏறிக்கோ." அந்த பிடிஎஃப் வெறும் வாங்கிய ரசீது, செயலியில் வரும் கியூஆர் கோடு இல்லாமல் பரிசோதகர் ஏற்க மாட்டார் என்று எனக்கே தெரியும். ரிசர்வேஷன் எண்ணை ரயில் நிறுவனத்தின் பக்கத்தில் தேடினால் அப்படி ஒரு பதிவே இல்லை. அன்றைக்கே டிக்கெட் எடுக்க ஆகும் விலையைப் பார்த்தேன், கையிலிருந்த ஹாஸ்டல் காசு அதற்கே போய்விடும். வண்டி வந்தது, எல்லோரும் ஏறினார்கள், போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரையை அங்கேயே தின்று முடித்தேன். வேறு என்ன செய்வது?

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. மதியம் "டிரைவிங்ல இருக்கேன் தங்கச்சி" என்றார். சாயங்காலம் "நீங்கதான் ஏதோ தப்பா அமுக்கிட்டீங்க" என்று 'நீங்க' ஆனேன். சனிக்கிழமை "மேடம், ரீஃபண்ட் ப்ராசஸ்ல இருக்கு, பத்து வேலை நாள் ஆகும்" என்றார். தங்கச்சி மேடம் ஆனபோதே எனக்கு விளங்கிவிட்டது. ஞாயிறு காலை அவருடைய முகப்புப் படம் காணாமல் போனது, என் மெசேஜ்கள் ஒற்றை டிக்கோடு நின்றன.

பாஸ் விற்கும் நிறுவனத்துக்கு எழுதினேன். நான் கிளம்புவதற்கு முந்தின நாளே ரத்து செய்யப்பட்டுவிட்டது, மேற்கொண்டு விவரம் வாங்கியவருக்கு மட்டும்தான் தர முடியும் என்று மரியாதையாகப் பதில். பயணி நான், பெயர் என்னுடையது, ஆனால் வாங்கிய மின்னஞ்சல் அவருடையது. பணம் அனுப்பிய சேவையில் கேட்டால், நண்பருக்கு என்று அனுப்பிய பணத்துக்குப் பாதுகாப்பு கிடையாதாம். குரூப் அட்மினிடம் சொன்னேன். "தனிப்பட்ட பண விவகாரத்துக்கு குரூப் பொறுப்பில்லை சிஸ்டர்" என்று எழுதிவிட்டு, நான் எல்லோரையும் எச்சரித்துப் போட்டிருந்த மெசேஜை நீக்கினார். விளம்பரத்தை நீக்கவில்லை! காவல்துறையின் இணையப் பக்கத்தில் புகார் பதிந்திருக்கிறேன், ஒரு எண் வந்திருக்கிறது. 386 யூரோவுக்கு இப்போதைக்கு என்னிடம் இருப்பது அந்த எண்தான்.

வேலைக்கு லீவு சொல்லியாகிவிட்டது. கட்டிய பையைப் பிரிக்க மனமில்லை. சரி, ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில்களில் போக மாதாந்திர ஜெர்மனி டிக்கெட் இருக்கிறதே, எல்லை வரையாவது போகலாம் என்று இன்று வீம்புக்கு ஃபிளென்ஸ்பர்க் போய்த் துறைமுகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னும் சில கிலோமீட்டர் போனால் டென்மார்க்.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், ஹாம்பர்க் நெருங்குகிறது, வண்டி மாற வேண்டும். பாஸை உங்கள் மின்னஞ்சலில் உங்கள் கையால் வாங்குங்கள், யார் மூலமும் வேண்டாம். பெயரில் குழப்பம் என்றால் விற்கும் நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள், பதில் வர இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை. நண்பருக்கு அனுப்பு என்று எவன் சொன்னாலும் அனுப்பாதீர்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி செயலியைத் திறந்து பாருங்கள், நான் பார்க்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தோழி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். வேறொரு ஊர் மாணவர் குரூப். எழுத்து மாறாமல் அதே விளம்பரம், போன் நம்பர் மட்டும் புதிது. கீழே ஒரு பெண் கேட்டிருக்கிறாள்: "அண்ணா, எனக்கும் சர்நேம் இல்லை, பரவாயில்லையா?"