நாட்டுக்கூத்தா, இசை நாடகமா?

யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் இரண்டுமே விடிய விடிய நடந்தவைதான். நாட்டுக்கூத்துக்கு, அதைப் பழக்கி நடத்தும் ஆசானான அண்ணாவியாரின் மத்தளமே உயிர். அரசன் வரவென்றால் அதற்கென்று ஒரு தாளக்கட்டு. பாட்டு முடிந்த கையோடு கால் அதைப் பிடித்து ஆட வேண்டும். பிற்பாட்டுக்காரர் வரியை ஏந்திக்கொள்வதால்தான் ஆடுபவருக்கு மூச்சு மிஞ்சுகிறது.

இசை நாடகம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகக் குழுக்களோடு வந்தது. ஆர்மோனியம், சீன் திரை, கொட்டகை. ஆட்டம் குறைந்து குரல் முன்னுக்கு வந்தது. நடிகமணி வி. வி. வைரமுத்து ‘மயான காண்டம்’ நாடகத்தில் அரிச்சந்திரனாகப் பாடியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

சரி, பாட்டுக் கேட்க ஆசையென்றால் இசை நாடகம். எனக்குக் கூத்துத்தான், அதில் முழு உடம்பும் கதை சொல்கிறது. பிள்ளைகளைப் பழக்குவதென்றாலும் முதலில் அண்ணாவியாரிடமே அனுப்புவேன்.