கும்பகோணம் ஸ்டுடியோ: போட்டோ நல்லாருக்கு, அக்ரிமெண்ட் அதைவிட நல்லாருக்கு

தங்கச்சி கல்யாணத்துக்கு இவங்களைத்தான் புக் பண்ணோம், தாலி கட்டு சுவாமிமலை கோயில்ல, ரிசப்ஷன் கும்பகோணத்துல மண்டபத்துல. போட்டோ பத்தி இங்க நிறைய பேர் எழுதிட்டாங்க, நானும் அதையேதான் சொல்வேன், போஸ் குடுக்காம இயல்பா எடுக்குற கேண்டிட் போட்டோ அருமை, வீடியோவுல பாட்டு கொஞ்சம் ஓவர். நான் எழுத வந்தது இவங்க அக்ரிமெண்ட் பத்தி. நம்ம பக்கம் இன்னும் பல இடத்துல கார்டு பின்னாடி தேதியும் அட்வான்ஸும் எழுதிக் குடுத்துட்டு மீதியெல்லாம் வாய்ப்பேச்சுதான், அப்புறம் ஆல்பம் வரும்போது "அன்னிக்கு சொன்னீங்களே", "இல்ல சார் அது வேற பேக்கேஜ்"னு சண்டை.

இவங்க நாலு பக்கம் குடுத்தாங்க, முழுக்க தமிழ்ல. அப்பா கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்து வரி வரியா படிச்சாரு, ஸ்டுடியோ அண்ணனும் அவசரப்படுத்தாம டீ சொல்லிட்டு காத்திருந்தாரு. மாப்பிள்ளை அழைப்புக்கு எத்தனை மணிக்கு வருவாங்க, ரிசப்ஷன் எத்தனை மணி வரைக்கும், அதுக்கு மேல நின்னா மணிக்கு எவ்வளவு, ஆல்பம் 12க்கு 36 சைஸ்ல எத்தனை ஷீட், கூட ஒரு ஷீட் போட்டா என்ன ரேட், ரா ஃபைல், அதாவது கேமராவுல எடுத்தபடியே எடிட் பண்ணாத ஃபைல், தரமாட்டோம், ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, எல்லாம் இருக்கு. மெயின் போட்டோகிராபருக்கு உடம்பு சரியில்லன்னா பதிலுக்கு யார் வருவாங்கன்னு பேரே போட்டிருக்காங்க. ட்ரோன் கேட்ட மச்சானுக்கும் பதில் அதுலயே இருந்துச்சு, கோயில்ல பறக்க விட மாட்டாங்க, தஞ்சாவூர் பக்கம்னா விமானப்படைத் தளம் இருக்கு, அனுமதி கிடைக்கலன்னா ட்ரோன் காசை பில்லுல கழிச்சுடுவாங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது போட்டோ யாருக்கு சொந்தம்ங்கிற பகுதி. நிறைய பேருக்கு இது தெரியாது, 1957 காப்புரிமைச் சட்டம் 17வது பிரிவுப்படி காசு குடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு வேற மாதிரி ஒப்பந்தம் இல்லேன்னா முதல் உரிமை காசு குடுத்தவங்களுக்குத்தான், எடுத்தவருக்கு இல்ல. அதனால அக்ரிமெண்ட்ல 'காப்பிரைட் ஸ்டுடியோவுக்கே'ன்னு ஒரு வரி இருந்தா அது சாதாரண வரி இல்ல, நம்ம கையில இருக்குறதை எழுதிக் குடுக்குறோம். இவங்களும் அந்த வரி போட்டிருக்காங்க, ஆனா அதுக்கு கீழயே எங்க வேணா பிரிண்ட் போட்டுக்கலாம்னு நமக்கு உரிமை குடுத்துட்டு, இன்ஸ்டாகிராம், கடை பேனர், சாம்பிள் ஆல்பம் மூணுக்கும் தனித்தனி கட்டம் வச்சிருக்காங்க, நாம டிக் அடிச்சாதான் போடுவாங்க. தங்கச்சி சாம்பிள் ஆல்பத்துக்கு மட்டும் அடிச்சா. இதுவரைக்கும் அவ முகம் வேற எங்கயும் வரல, நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். பொண்ணுங்க போட்டோ விஷயத்துல இப்படி கேட்டு நடந்துக்கிறது எவ்வளவு பெரிய மரியாதைன்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் புரிஞ்சுது.

மழைக்கும் தனியா எழுதியிருக்காங்க. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப டெல்டாவுல என்ன ஆச்சுன்னு நமக்கு சொல்லணுமா, எத்தனையோ ஊர்ல வாரக்கணக்கா கரண்ட் இல்ல. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் புயலால தள்ளிப்போனா அட்வான்ஸ் அப்படியே புது தேதிக்கு மாறும், அன்னிக்கு அவங்களுக்கு வேற புக்கிங் இருந்தா முழுப் பணமும் திருப்பித் தருவாங்க.

குறைன்னா ரெண்டு. நாம கல்யாணத்தை கேன்சல் பண்ணா அட்வான்ஸ்ல ஒரு பைசா திரும்ப வராதுன்னு இருக்கு, அது சரியில்ல. 1872 ஒப்பந்தச் சட்டம் 74வது பிரிவே நியாயமான அளவுக்குத்தான் நஷ்ட ஈடுன்னு சொல்லுது, ஆறு மாசம் முன்னாடி சொன்னா எவ்வளவு, ஒரு மாசம் முன்னாடி சொன்னா எவ்வளவுன்னு பிரிச்சு எழுதலாமே. இன்னொன்னு, நாம போட்டோ செலக்‌ஷன் பண்ணிக் குடுக்க 45 நாள்னு கெடு இருக்கு, அவங்க ஆல்பம் குடுக்க கெடு இல்ல. அப்பா அதைத்தான் புடிச்சுக்கிட்டாரு, "எங்களுக்கு நாள் குறிச்சீங்கல்ல, உங்களுக்கும் குறிங்க தம்பி"ன்னு. மறுபேச்சு பேசாம செலக்‌ஷன் குடுத்ததுலேர்ந்து 60 நாள்னு பேனாவுல எழுதி ரெண்டு பேரும் பக்கத்துல கையெழுத்து போட்டாங்க, கடைசித் தவணையும் ஆல்பம் கைக்கு வந்தப்புறம்தான்னு ஆச்சு. சொன்ன நாளுக்குள்ள வந்துடுச்சு.

ரேட் மத்தவங்களை விட கொஞ்சம் கூடதான், எனக்கு அது பெருசா தெரியல. புக் பண்ணப் போறவங்க பொண்ணு வீடு மாப்பிள்ளை வீடு ரெண்டு பக்கமும் சேர்ந்து போங்க, யார் எவ்வளவு குடுக்கணும், எந்த ஆல்பம் யாருக்குன்னு பேரோட எழுதுறாங்க. அந்த 60 நாள் விஷயத்தை மட்டும் நீங்களே கேட்டு எழுத வைங்க, பிரிண்ட்ல இன்னும் சேர்க்கல. அஞ்சுக்கு நாலரை.