பாக்கெட் டிரேசர்: சர்வர் அறையிலிருந்து வகுப்பறைக்கு வந்தவனின் மதிப்புரை

கோவை, திருப்பூர், பல்லடம் வட்டாரத்து நூற்பாலைகளிலும் ஏற்றுமதி அலுவலகங்களிலும் பதினான்கு ஆண்டுகள் நெட்வொர்க், சர்வர் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர், நெட்வொர்க்கைத் திரையிலேயே அமைத்துப் பழகுவதற்கான மென்பொருள். அந்த நாட்களில் அதை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்சைத் திருகாணி போட்டு ரேக்கில் ஏற்றுகிறவனுக்கு, திரையில் படத்தை இழுத்து வைத்துக் கோடு போட்டு இணைக்கும் மென்பொருளால் என்ன ஆகப்போகிறது என்பதுதான் என் எண்ணம். பின்பு கோவைக்கு அருகே ஒரு கல்லூரியில் கணினி வலையமைப்புப் பாடம் நடத்தச் சேர்ந்தேன். ஆய்வகத்தில் அறுபது மாணவர்கள். அவர்களுக்கென்று இருந்தவை இரண்டு சுவிட்சுகளும், வெவ்வேறு நெட்வொர்க்குகளை இணைக்கும் ரவுட்டர் ஒன்றும்தான். வேறு வழியில்லாமல் பாக்கெட் டிரேசரைத் திறந்தேன். ஐந்து ஆண்டுகளாக ஒவ்வொரு செமஸ்டரும் அதை வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். இந்த மென்பொருள் எதைக் கற்றுக்கொடுக்கும், எதைக் கற்றுக்கொடுக்காது என்பதை இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், அது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிஸ்கோ நிறுவனம் 1997இல் தொடங்கிய நெட்வொர்க்கிங் அகாடமி என்ற கல்வித் திட்டத்தின் வழியாக இந்த மென்பொருளை இலவசமாகத் தருகிறது. அகாடமியில் ஒரு கணக்கு தொடங்கினால் பதிவிறக்கிக்கொள்ளலாம். விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றிலும் ஓடும். எங்கள் ஆய்வகத்தில் 4 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள பழைய கணினிகளிலும் தடங்கலின்றி ஓடுகிறது. எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கு இதுவே பெரிய உதவி. ஜிஎன்எஸ்3 போன்ற மென்பொருள்கள் உண்மையான இயங்கு மென்பொருளையே கணினிக்குள் ஓட்டுகின்றன. அவற்றுக்கு நினைவகமும் அதிகம் வேண்டும், உரிமத்துடன் கூடிய மென்பொருள் கோப்பும் தனியாக வேண்டும். பாக்கெட் டிரேசர் அப்படியல்ல. சுவிட்சும் ரவுட்டரும் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடித்துக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. ஆகவே நிஜக் கருவியில் உள்ள கட்டளைகள் பல இதில் இருக்காது. இளநிலைப் பாடத்துக்கும் சிஸ்கோ நடத்தும் சிசிஎன்ஏ என்ற சான்றிதழ்த் தேர்வுக்கும் இருப்பவை போதும். அதற்கு மேல் போகிறவர்கள் வேறு இடம் தேட வேண்டும்.

இதன் தலையாய சிறப்பு சிமுலேஷன் முறை. நேரத்தை நிறுத்தி வைத்து, ஒரு பாக்கெட்டை, அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டை, ஒவ்வோர் அடியாக நகர்த்திப் பார்க்கும் வசதி அது. பதினான்கு ஆண்டுகள் சர்வர் அறையில் நின்ற எனக்கு இப்படி ஒரு வசதி ஒரு நாளும் கிடைத்ததில்லை. அங்கே எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். என்ன நடந்திருக்கும் என்று லாக் கோப்பைப் பார்த்து ஊகிக்கத்தான் முடியும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு ரவுட்டர், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு சுவிட்ச், ஒவ்வொரு கணினி. இந்தக் கணினியிலிருந்து அந்தக் கணினிக்குப் பிங் கொடுக்கச் சொல்வேன்; மறுமுனை பதில் தருகிறதா என்று சோதிக்கும் கட்டளை அது. நான்கு பாக்கெட்டுகள் போகும். முதலாவதற்குப் பதில் வராது. நேரம் கடந்துவிட்டது என்று திரையில் வரும். அடுத்த மூன்றுக்கும் பதில் வந்துவிடும். நூற்றுக்கு 25 இழப்பு என்று கடைசி வரி காட்டும். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் பதற்றத்தோடு கை தூக்குவார். சென்ற ஆண்டு தாராபுரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, "சார், நான் எல்லாம் சரியாத்தானுங்க போட்டேன், ஒண்ணு மட்டும் போகலீங்க சார்" என்றார். எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லி, கோப்பைச் சேமிக்காமல் மூடித் திறந்து, சிமுலேஷன் முறைக்கு மாறி, மறுபடியும் பிங் கொடுக்கச் சொன்னேன்.

இப்போது பாக்கெட் ஒரு சிறிய உறையாகத் திரையில் தெரிகிறது. கணினி முதலில் ரவுட்டரின் முகவரியைக் கேட்டு அறிந்துகொள்கிறது. அதன் பிறகு ஒரு முறை சொடுக்கினால் பாக்கெட் கணினியிலிருந்து சுவிட்சுக்கு வருகிறது. அடுத்த சொடுக்கில் ரவுட்டருக்கு வருகிறது. அங்கே நின்றுவிடுகிறது, மேலே போவதில்லை. உறையைச் சொடுக்கித் திறந்தால், எந்த அடுக்கில் என்ன முடிவு எடுக்கப்பட்டது என்று வரிவரியாக எழுதியிருக்கிறது: போக வேண்டிய ஐபி முகவரி ரவுட்டருக்குத் தெரியும், ஆனால் அந்த ஐபிக்கு உரிய மேக் முகவரி, அதாவது கருவியின் வன்பொருள் முகவரி, எந்த ஐபிக்கு எந்த மேக் என்று குறித்துவைக்கும் அதன் ஏஆர்பி அட்டவணையில் இல்லை. அதனால் வந்த பாக்கெட்டைக் கைவிட்டுவிட்டு, "இந்த முகவரி யாருடையது" என்று கேட்கும் வேறொரு நிற உறையை ரவுட்டர் அனுப்புகிறது. பதில் வருகிறது. இரண்டாவது பிங் வரும்போது அட்டவணை நிரம்பியிருக்கிறது, தடையின்றிப் போய்விடுகிறது. அந்த மாணவி அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலேயே ரவுட்டரின் அட்டவணையை அழித்துவிட்டு மறுபடியும் பிங் கொடுத்துப் பார்த்தார். மறுபடியும் முதலாவது தொலைந்தது. ஏஆர்பி பற்றி நான் கரும்பலகையில் ஒரு மணி நேரம் எழுதியிருந்தாலும் அந்தத் தெளிவு வந்திருக்காது. இதற்காக மட்டுமே இந்த மென்பொருளுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

இன்னொன்று, லூப், அதாவது கேபிள்கள் வட்டமாக இணைந்துவிடுவது. இதை நான் பட்டு அறிந்தவன். ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தபோது, ஒரு நாள் இரவு ஏழு மணி அளவில் ஆலை முழுவதும் நெட்வொர்க் நின்றுபோயிற்று. குடோன் வாசலில் நூல் கோன் பெட்டிகள் ஏற்றிய லாரிகள் நிற்கின்றன. பில் போட முடியவில்லை, இ-வே பில் எடுக்க முடியவில்லை, எடைமேடைக் கணினி சர்வரைத் தொடவே இல்லை. சர்வர் அறைக்குப் போய்ப் பார்த்தால், சுவிட்சில் உள்ள விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில், ஓயாமல் மின்னுகின்றன. ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பிடுங்கி, எதைப் பிடுங்கினால் அந்தத் துடிப்பு அடங்குகிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்கக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆனது. டெஸ்பாட்ச் அறையில் மேசைக்கடியில் இருந்த சிறிய, விலை குறைந்த சுவிட்சில், கீழே தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேபிளின் மறுமுனையையும் யாரோ நல்லெண்ணத்தோடு அதே சுவிட்சில் செருகியிருந்தார்கள். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு, ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும், பூஜ்யமானால் அழியும். சுவிட்சுகளுக்கிடையே அந்தப் பாக்கெட்டைச் சுமந்து செல்லும் ஈதர்நெட் ஃப்ரேமுக்கு அப்படி எதுவும் இல்லை. வட்டம் ஒன்று கிடைத்துவிட்டால், எல்லோருக்குமாக அனுப்பப்படும் பிராட்காஸ்ட் ஃப்ரேம் நிற்காமல் சுற்றும், பெருகும். அதைத் தடுக்கத்தான் ரேடியா பெர்ல்மன் 1985இல் ஸ்பேனிங் ட்ரீ என்ற முறையை உருவாக்கினார். அந்தச் சிறிய சுவிட்சில் அந்த முறை இல்லை. பெரிய சுவிட்சில், அதோடு இணைந்த போர்ட்டுக்கு (கேபிள் செருகும் துளைக்கு) வேண்டிய பாதுகாப்பை நானும் அமைத்திருக்கவில்லை.

அந்த மூன்று மணி நேரத்தை வகுப்பில் இருபது நிமிடத்தில் காட்ட முடிகிறது. மூன்று சுவிட்சுகளை முக்கோணமாக இணைக்கச் சொல்வேன். ஒரு முனையில் மட்டும் ஆரஞ்சு நிறம் மாறாமல் நிற்கும். ஸ்பேனிங் ட்ரீ அந்த வழியை அடைத்துவிட்டது என்பது பொருள். மற்ற போர்ட்டுகளும் பச்சையாவதற்கு முப்பது விநாடி காத்திருக்க வேண்டும். கேட்பதற்குப் பதினைந்து, கற்பதற்குப் பதினைந்து என்று நிஜச் சுவிட்ச் எடுத்துக்கொள்ளும் அதே நேரம். மாணவர்கள் பொறுமை இழக்கும் இடமும் அதுதான், அவர்களை நான் காத்திருக்க வைக்கும் இடமும் அதுதான். பிறகு மூன்று சுவிட்சிலும் ஸ்பேனிங் ட்ரீயை நிறுத்தும் கட்டளையைக் கொடுத்து, சிமுலேஷன் முறையில் ஒரே ஒரு பிராட்காஸ்டை அனுப்பச் சொல்வேன். உறை இரண்டாகிறது, இரண்டு பக்கமும் சுற்றுகிறது, ஒவ்வொரு சுவிட்சைத் தாண்டும்போதும் கணினிகளுக்கும் படி போகிறது. நிகழ்வுப் பட்டியல் நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் பட்டியல் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்போடு மென்பொருளே நின்றுவிடும். வகுப்பில் அப்போது சத்தமே இருக்காது. லாரிகள் நின்ற கதையை அதற்குப் பிறகுதான் சொல்வேன்.

இனிக் குறைகள். பாக்கெட் டிரேசரில் எதுவும் தானாகப் பழுதாவதில்லை. கேபிள் அரைகுறையாகத் தொடுவதில்லை, யுபிஎஸ் பேட்டரி செத்துப்போவதில்லை, கோடை மழை இடிக்குப் போர்ட் எரிவதில்லை. எங்கள் ஊர் ஆலைகளில் சுவிட்சுகள் பெரும்பாலும் சாவது பஞ்சினால்தான். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவுக்கு அருகே பெட்டியில் மாட்டிய சுவிட்சை ஆறு மாதம் கழித்துத் திறந்தால், விசிறி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கம்பளம் படர்ந்திருக்கும். காற்று போக வழியில்லாமல் சூடேறி, பகல் இரண்டு மணிக்கு நின்று, இரவில் குளிர்ந்ததும் தானாக வேலை செய்யும். இப்படிப்பட்ட பழுதை எந்தக் கட்டளையும் நேராகச் சொல்லாது; பகலில் நிற்கிறது, இரவில் ஓடுகிறது என்று கவனித்த ஆள்தான் சொல்ல முடியும். இந்த மென்பொருளில் கட்டடம், ரேக் எல்லாம் காட்டும் ஒரு தனிப் பார்வையும் உண்டு. அழகாக இருக்கிறது, பாடத்துக்கு நான் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதன் தானியங்கி மதிப்பெண் வசதி. ஆசிரியர் ஒரு பயிற்சிக் கோப்பைத் தயாரித்து, சரியான விடையை உள்ளே வைத்துவிட்டால், மாணவர் வேலை செய்யச் செய்ய எத்தனை விழுக்காடு முடிந்தது என்று மென்பொருளே காட்டிக்கொண்டிருக்கும். அறுபது பேரின் தாள்களைத் திருத்தும் ஆசிரியருக்கு இது பெரிய ஆறுதல்தான். ஆனால் மாணவர்கள் அந்த எண்ணையே பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு கட்டளை கொடுப்பது, எண் ஏறுகிறதா என்று பார்ப்பது, ஏறவில்லையென்றால் அழித்துவிட்டு வேறொன்று கொடுப்பது என்று தட்டித்தட்டியே நூறு விழுக்காடு எடுத்தவர்களை எனக்குத் தெரியும். இயங்கிக்கொண்டிருக்கும் ஆலையின் சுவிட்சில் அப்படித் தட்டிப்பார்க்கும் பழக்கத்தோடு ஒருவர் வேலைக்குப் போனால், முதல் வாரத்திலேயே ஒரு முழுப் பிரிவையும் இருட்டாக்கிவிடுவார். ஆகவே நான் விழுக்காடு காட்டும் கோப்பைத் தேர்வுக்கு வைப்பதில்லை. நன்றாக ஓடும் நெட்வொர்க்கில் மூன்று பிழைகளை நானே ஒளித்துவைத்து, சாதாரணக் கோப்பாகக் கொடுக்கிறேன்: சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் ஒரு விலான் எண் மாறியிருக்கும், ஐபி முகவரியில் நெட்வொர்க்கின் பகுதி எது என்று சொல்லும் ஒரு சப்நெட் மாஸ்க் தவறியிருக்கும், ஒரு போர்ட் மூடியிருக்கும். எந்த வரிசையில் எதைச் சோதித்தார்கள், ஏன் அதைச் சோதித்தார்கள் என்று தாளில் எழுதித் தர வேண்டும். மதிப்பெண் அந்தத் தாளுக்குத்தான்.

கல்லூரிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இது. பாக்கெட் டிரேசர் இலவசம் என்பதால் உபகரணம் வாங்கும் செலவு மிச்சம் என்று நிர்வாகம் நினைக்கக் கூடாது. காந்திபுரத்தில் பழைய கணினிப் பொருள்கள் விற்கும் கடைகளில், அலுவலகங்கள் கழித்துவிட்ட சுவிட்சுகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. நான் அப்படி இரண்டு வாங்கினேன். அவற்றின் விசிறிச் சத்தம் தாங்காமல் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்தது உண்மைதான், ஆனால் மாணவர்கள் சுவிட்சோடு நேரடியாகப் பேசுவதற்கான வெளிர்நீலக் கன்சோல் கேபிளைச் செருகி, விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் இணைத்து, நிஜச் சுவிட்ச் திரையில் எழுத்தெழுத்தாக எழுந்துவருவதைப் பார்த்தபோது அவர்கள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை எந்தச் சிமுலேஷனும் தந்ததில்லை. கேபிளில் முனையை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூலும், ஆர்ஜே45 என்ற நெட்வொர்க் கேபிள் முனைகளும், கேபிள் டெஸ்டரும் கட்டாயம் வேண்டும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு என்று எட்டுக் கம்பிகளையும் வரிசைப்படுத்தி, நுனியைச் சமமாக வெட்டி, உள்ளே தள்ளி அழுத்தும் வேலை விரலுக்குத்தான் தெரிய வேண்டும். பச்சை இணை நீலத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்பதை மறந்து, இரண்டு பச்சையையும் அடுத்தடுத்து வைத்துவிடாத மாணவரை நான் இதுவரை பார்த்ததில்லை. டெஸ்டரில் விளக்கு வரிசை மாறி எரியும்போது அவரே புரிந்துகொள்வார்.

தனியாகக் கற்பவர்களும் தயங்காமல் இதைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஐடி வேலை என்றாலே நிரல் எழுதுவது மட்டும்தான் என்று எண்ணி, அது வரவில்லையே என்று மனம் சோர்ந்திருக்கும் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த அவர்களுக்கு, ஆங்கிலப் புத்தகத்தின் பத்துப் பக்கத்தைவிட நகரும் ஓர் உறை நன்றாகப் புரிகிறது. சிமுலேஷன் முறையில் தொடங்குங்கள். முதல் வாரத்தில் ஏஆர்பி, பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி ஆகிய இரண்டு நெறிமுறைகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். எல்லா நெறிமுறைகளையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் திரை நிறைய உறைகள் பறந்து குழப்பிவிடும். ஒவ்வொரு சொடுக்குக்கும் முன்னால், அடுத்து உறை எங்கே போகும் என்று ஒரு தாளில் எழுதிவிட்டுச் சொடுக்குங்கள். எழுதியது தவறிப்போனால் அந்த உறையைத் திறந்து படியுங்கள். காரணம் உள்ளேயே எழுதியிருக்கும்.